தலையாட்டாதவள்

எங்கள் பள்ளியில் பாடம் முடிந்ததும் இயற்பியல் டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே ராகத்தில் சொல்வோம். அதைப் பதில் என்று சொல்ல முடியாது. மணி அடிப்பதற்கு முன்னால் பாட வேண்டிய பாட்டு, அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் அந்தப் பாட்டு முடிந்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"எனக்கு வெளங்கலை டீச்சர். திரும்பச் சொல்லுங்க."

சொன்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாம்பனிலிருந்து பாலம் தாண்டி மண்டபத்துக்குப் பஸ்ஸில் வந்து படித்தவள். அப்பா விசைப்படகு ஓட்டுபவர். அம்மா தனுஷ்கோடியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு மீன் பொரித்து விற்பவர். டீச்சர் இரண்டாவது முறை சொன்னார். "இப்ப?" என்றார். "இல்ல டீச்சர்" என்றாள். மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் அடுத்து வர வேண்டிய விளையாட்டு வகுப்பில் பாதி போய்விட்டது. எல்லாரும் அவளை முறைத்தார்கள். நானும் முறைத்தேன்.

"ஏ பிள்ள, தலைய ஆட்டிட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"ஆட்டுனா வெளங்கிருமா?" என்றாள். நக்கல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலை வீட்டில் நோட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கும் அது புரியவில்லை என்று தெரிந்தது.

எனக்கு எதற்கும் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. ஊருக்குப் போகப் பட்டியல், படிக்கப் பட்டியல், யாரிடமாவது சண்டை போட வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று. அவளைப் பற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு வரிதான் தேறுகிறது: புரியாத ஒன்றுக்குத் தலையாட்ட மாட்டாள். மற்றதெல்லாம் அந்த வரிக்குக் கீழே வருகிறவை. ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது வாயைச் சற்றே திறந்து வைத்திருப்பாள், மருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல. புரிந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். மூடவில்லையென்றால் "வெளங்கலை" வரப்போகிறது என்று அர்த்தம். பஸ் கண்டக்டர், மாதா கோயிலில் பூசை வைக்கிற சாமியார், ரேஷன் கடைக்காரர் யாரும் அதற்குத் தப்பியதில்லை. அவளோடு கடைக்குப் போவது சில நாள் எனக்கே பொறுமையைச் சோதிப்பதாக இருந்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் அவளுடைய அம்மாவின் கடைக்கு நானும் போயிருந்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடித் தட்டில் மசாலா பூசி வைத்திருந்த மீனைக் காட்டி ஏதோ கேட்டார். ஆங்கிலம் கொஞ்சம், அவர்களுடைய மொழி நிறைய. மீனையும், கொதிக்கிற எண்ணெயையும், தன் தொண்டையையும் மாறி மாறிக் காட்டினார்.

"காரமான்னு கேக்குறாக போல" என்று சொல்லிவிட்டு அவளுடைய அம்மா, "நோ காரம், நோ காரம். வெரி நைஸ்" என்று தலையாட்டினார். பக்கத்துக் கடைக்காரரும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்த அம்மா நிம்மதியாகச் சிரித்து, தட்டை வாங்கி, ஒரு துண்டைப் பிய்த்து வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

அவள் எட்டி அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏடி, என்னடி பண்ற! வெள்ளக்காரம்மா கையப் புடிச்சு இழுக்குற!"

"இரும்மா. அவுக கேட்டது நமக்கு வெளங்கலைல்ல?"

ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்தபடியே மறு கையால் போனை எடுத்து, அந்த அம்மாவின் வாயருகே நீட்டினாள். போன் அதை ஆங்கிலமாக்கிக் காட்டியது. இறால் சாப்பிட்டால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு முறை ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது. இந்த எண்ணெயில் இறால் பொரித்தீர்களா என்றுதான் அவர் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதே சட்டியில் இரண்டு தட்டு இறால் பொரித்திருந்தோம்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். கணவர் கடலைப் பார்த்து நின்றார். நாங்கள் மூன்று பேரும், தலையாட்டிய மூன்று பேரும், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். கிளம்புவதற்கு முன் அந்த அம்மா தன் எண்ணை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தார். அவர்கள் பேசிய மொழி இத்தாலியன் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று திரும்பி வரும்போது வேனிலேயே அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். போனில் ஒரு பாடம், அதைச் சொல்லிப் பார்த்து அந்த அம்மாவுக்குக் குரல் செய்தி, அவர் திருத்தி அனுப்புவது, இவள் "வெளங்கலை" என்று திரும்ப அனுப்புவது. மூன்று வருடம் இப்படியே போனது. நான் இன்ஜினியரிங் டிப்ளமா சேர்ந்தேன். அவள் ராமநாதபுரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தாள். பார்க்கிற போதெல்லாம் என்னை "இன்ஜினியரு" என்று கூப்பிட்டு, அன்றைக்குக் கற்ற ஐந்து சொற்களை என்மேல் பிரயோகித்துப் பார்ப்பாள்.

படிப்பு முடிந்ததும் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா பெருந்தன்மையாகப் பேசினார். "எங்களுக்கு ஒன்னும் வேணாம். நீங்க பிள்ளைக்குச் செய்றதச் செய்ங்க. நாலு பேரு பாக்குற மாதிரி இருந்தாப் போதும்." எல்லாரும் தலையாட்டினார்கள். காப்பித் தட்டோடு நின்றவள் கேட்டாள்.

"எனக்கு வெளங்கலை மாமா. அந்த நாலு பேரு யாரு? அவுகளுக்கு எம்புட்டு இருந்தாப் பாக்குற மாதிரி இருக்கும்?"

தொண்டிக்காரர்கள் காப்பியைக் குடிக்காமலே போனார்கள். அவளுடைய அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் என்னிடம், "அவ கேட்டது தப்பில்ல. தட்ட வச்சிட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

அதே வருடம் இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கான இத்தாலிய மொழி, பண்பாட்டுப் பட்டப்படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. விடுதியும் சாப்பாடும் உதவித்தொகையில். பாம்பனில் ஒரு கிறிஸ்தவப் பெண் இத்தாலிக்குப் போகிறாள் என்றால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். "கன்னியாஸ்திரியாவா போற?" என்றார்கள். இல்லை, மொழி படிக்கப் போகிறேன் என்றாள். "சரி சரி, மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக" என்று தலையாட்டிவிட்டு, பாப்பரசரிடம் மந்திரித்து வாங்கி வரச் சொல்லி ஆளுக்கொரு செபமாலை கொடுத்தார்கள். நாற்பத்தொரு மாலை. எண்ணிப் பையில் கட்டியது நான்தான். அவள் படிக்கப் போன ஊருக்கும் ரோமுக்கும் நடுவில், ராமேஸ்வரத்துக்கும் சென்னைக்கும் இருக்கிற அளவு தூரம். அதை வீடு வீடாகச் சொல்லி, "இந்த வருசம் முடியாது, அடுத்த வருசம் பாக்குறேன்" என்று ஒவ்வொருவரிடமும் ஒத்துக்கொள்ள வைத்த பிறகுதான் பையை வாங்கினாள்.

முதல் வருடத்தின் நடுவில் ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தாள். அவள் வந்த வாரத்தில்தான் கொரோனா இத்தாலியில் பற்றியது. திரும்பிப் போக விமானம் இல்லை. மந்திரிக்காத செபமாலைகளை மறந்து தெரு அவள் வீட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு நடந்தது. சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் வந்து கதவில் தாள் ஒட்டினார்.

"பதினாலு நாள் வெளிய வரக் கூடாது."

"வெளியன்னா எது சார்? வாசலா, படியா, தெருவா?"

"வெளியன்னா வெளியம்மா."

"வெளங்கலை சார். குளியலறை எங்க வீட்டுக்குப் பின்னாடி தனியா இருக்கு. அது உள்ளயா, வெளியயா?"

அவர் யோசித்தார். பிறகு தன் அதிகாரிக்குப் போன் செய்து கேட்டார். அந்த அதிகாரி இன்னொருவருக்குச் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து, குளியலறை உள்ளேதான் என்று பாம்பன் முழுவதற்கும் முடிவானது.

அந்தக் கோடையில்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமான பரீட்சை வந்தது.

அவளுடைய உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் இத்தனை பாடங்களில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் பணம் வராது. பணம் வரவில்லையென்றால் படிப்பு அங்கேயே நின்றுவிடும், அவள் அப்பாவால் அனுப்ப முடியாது. மிச்சம் இருந்தது ஒரே பாடம், இத்தாலியப் பண்பாட்டு வரலாறு. வாய்மொழித் தேர்வு. நோய்க்காலம் என்பதால் காணொளியில் நடத்துவார்கள். அவள் பாம்பனிலிருந்தே பதில் சொல்லலாம். அங்கே மதிப்பெண் முப்பதுக்கு. பதினெட்டு வாங்கினால் தேர்ச்சி.

நான் அப்போது இணையக் கம்பி இழுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீடு மண்டபத்தில். அவள் கேட்டதும் பட்டியல் போட்டேன். இரண்டு நிறுவனங்களின் சிம், இரண்டு போன். மின்சாரம் போனால் தாங்குவதற்குப் பேட்டரி. ஊரடங்கில் படகுகள் கரையில் நின்றதால் அவளுடைய அப்பா முதலாளியிடம் கேட்டுப் படகின் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். சமையலறையை விட முன்னறை ஜன்னல் பக்கம் சிக்னல் நன்றாக இருந்தது. பதினாறாவதாக, பதினெட்டிலிருந்து முப்பது வரைக்கும் இத்தாலிய எண்களை நான் மனப்பாடம் செய்தேன். மதிப்பெண் சொல்லும்போது எனக்கும் தெரிய வேண்டுமல்லவா.

அவள் ஒரு தகவலை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இத்தாலியில் வாய்மொழித் தேர்வைக் கதவு திறந்து வைத்துத்தான் நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அம்மா அதைத் தெருவிடம் சொல்லிவிட்டார்.

தேர்வன்று மதியம் ஒன்றரை மணிக்குப் பேராசிரியர் திரையில் வந்தார். நரைத்த தாடி, பின்னால் புத்தக அலமாரி. பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளம்பெண். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அவள் மடிக்கணினியைத் திருப்பினாள். பேட்டரி, நான், சுவரில் மாதா படம், பிறகு ஜன்னல். ஜன்னலில் முகக்கவசம் போட்ட பதினொரு தலைகள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என்ன பேசினார்கள் என்று பிறகு சொன்னாள். "இவர்கள் யார்?" என்றாராம். "என் தெரு. உங்கள் தேர்வு எல்லாருக்கும் பொது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்" என்றாளாம். "ஏன் எல்லாரும் தலையாட்டுகிறார்கள்? புரிகிறதா?" "ஒரு சொல்லும் புரியாது. உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள்."

முதல் கேள்விக்கு அவள் நிறுத்தாமல் பேசினாள். பாலத்தில் பஸ் போவது மாதிரி ஒரே சீராக இருந்தது. ஜன்னலில் தலைகள் ஆடின. இரண்டாவது கேள்வியைப் பேராசிரியர் ஆரம்பித்தார். அவருடைய வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திரை உறைந்து, கறுத்து, அறுந்தது.

நான் இரண்டாவது போனுக்கு மாற்றித் திரும்ப இணைப்பதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. "என்னாச்சு இன்ஜினியரு?" என்று கேட்டாள்.

"காத்து" என்றேன்.

அவள் வெளியே பார்த்தாள். கச்சான் காற்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்த கரையில் அன்று அதிசயமாக ஓர் இலைகூட அசையவில்லை. "காத்தா? வெளங்கலையே."

"மேல டவர்ல அடிக்கும். நீ பேசு."

இணைப்பு வந்ததும் பேராசிரியர் நேராக மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டார். அவள் ஏதோ இடைமறித்துச் சொன்னாள், அவர் கையசைத்துத் தொடர்ந்தார். பதில் சொன்னாள். அவர்கள் இருவரும் ஒலியை அணைத்துவிட்டுக் கலந்து பேசினார்கள். பிறகு பேராசிரியர் சிரித்த முகத்தோடு ஓர் எண்ணைச் சொன்னார். எனக்குத் தெரிந்த எண். இருபத்திநாலு. ஜன்னலைப் பார்த்து இரண்டு விரலும் நான்கு விரலும் காட்டினேன். தெரு கைதட்டியது. பக்கத்து வீட்டு செலின் அக்கா "மாதாவே!" என்று கத்தினார். அவளுடைய அம்மா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுதார்.

அவள் மட்டும் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

பேராசிரியரிடம் ஏதோ கேட்டாள். அவர் விளக்கினார். இன்னொன்று கேட்டாள். அவருடைய சிரிப்பு மெல்லப் போனது. அந்த இளம்பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். கடைசியாக இவள் இரண்டே சொல் சொன்னாள், தலையைத் தாழ்த்தி வணங்கினாள், திரை அணைந்தது.

"என்னடி சொன்ன அவர்ட்ட?" என்றார் அம்மா.

"வேணாம்னுட்டேன்."

"எத?"

"மார்க்க."

அம்மா முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டாம். கொடுத்த மதிப்பெண் வேண்டாமென்றால் மாணவர் மறுக்கலாம். மறுத்துவிட்டால் அது இல்லாததாகிவிடும். அடுத்த தேர்வில் முதலிலிருந்து வர வேண்டும். "ரெண்டாவது கேள்வி எனக்குக் கேக்கவே இல்லைன்னு அப்பவே சொன்னேன். திரும்பக் கேளுங்கன்னேன். நேரமில்ல, பத்துப் பேரு வரிசையில நிக்கிறாங்க, தெரிஞ்சிருக்கும்னு வச்சு மார்க்குப் போட்டாச்சுன்னு சொல்றாரு. எனக்குத் தெரியுமான்னு எனக்கே தெரியாதேம்மா. கேக்காத கேள்விக்கு எப்படி மார்க்கு வாங்குறது?"

"பந்தியில உக்காந்து, எலையில சோறு போட்டப்பறம் எந்திரிச்சு வந்துருக்கியேடி!" அம்மா வெடித்தார். "அவரு போட்டாரு, நீ வாங்கிக்கிட்டு வாய மூடிட்டு இருக்கக் கூடாதா? பெரிய மனுசன் குடுத்ததத் திருப்பிக் குடுக்குறா! படிப்புப் போச்சுன்னா அப்பறம் என்ன பண்ணுவ? இங்கன வந்து எங்கூட மீனுக்கு மசாலாத் தடவுவியா?"

"தடவுறேன். அது எனக்குத் தெரியும்."

"மார்க்க வேணாம்னு சொல்ற பரீட்சையும் ஒலகத்துல இருக்கா?" என்றார் செலின் அக்கா. "நம்ம பயலுக பூராப் பேரும் அங்கன போயிருவானுக போலயே."

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் தலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அடுத்த தேர்வு ஐந்து வாரம் கழித்து. அதற்கும் உதவித்தொகைக் கெடுவுக்கும் இடையில் நான்கே நாள். இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் எல்லாம் முடிந்தது.

அவளுடைய அப்பா சமையலறையிலிருந்து வந்தார். "அஞ்சு வாரமா?" என்றார். "அப்ப படகு கடல்ல கெடக்கும். வேற பேட்டரிக்கு இப்பவே சொல்லி வைக்கணும்." சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோயில் மைக்செட் பேட்டரி அன்று மாலையே உறுதியானது.

அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். இணைப்பு அறுந்தது காற்றால் அல்ல. நான் பயன்படுத்திய முதல் போன் பழையது, அழைப்பு வந்தால் இணையம் நின்றுவிடும். இரண்டாவது கேள்வியின்போது என் மேலாளர் அழைத்தார். அழைப்புகளைத் தடுத்து வைக்க நான் மறந்திருந்தேன். அவ்வளவு பெரிய பட்டியலில் அது இல்லை.

மறுநாள் போய் அவளிடம் சொன்னேன். உளுந்து களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். வாய் மூடிக்கொண்டது.

"இப்ப வெளங்குது" என்றாள். "லிஸ்ட்ல சேத்துக்க."

அதற்குமேல் அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பதினேழாவதாகச் சேர்த்தேன்.

இப்போது அவள் இத்தாலியின் தெற்கே ஒரு துறைமுக நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். அந்த ஊரில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வீட்டு வேலையும் சமையல் வேலையும் செய்கிறார்கள். டாக்டர் வேகமாகச் சொல்வார், நோயாளி பயத்தில் தலையாட்டுவார். அவள் டாக்டரைப் போக விடமாட்டாளாம். "இவர் தலையாட்டினார். ஆனால் இவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள்" என்பாளாம். அங்குள்ள டாக்டர்கள் அவளைக் கண்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்று அவளே ஒருமுறை சொன்னாள். நாங்கள் நேரில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. அவளை யாராவது என்னிடம் விசாரித்தால் நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்வதில்லை. அந்த ஐந்தாவது வாரத்தைத்தான் சொல்வேன்.

இனி போனை நம்ப முடியாது என்று முடிவு செய்தேன். எங்கள் நிறுவனத்தின் இணையக் கம்பி பெரிய ரோடு வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து அவள் வீட்டுக்கு உள்தெருவில் கம்பம் கிடையாது. தற்காலிக இணைப்பு என்று மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். கம்பத்துக்குப் பதில் மாடிகள். ரோட்டோரப் பஞ்சர் கடையில் ஆரம்பித்து ஏழு மொட்டை மாடிகள் தாண்டினால் அவள் வீடு. மார்ச் மாதம் அவளைக் கண்டு கதவைச் சாத்திய வீடுகள்தான் அவை. நானும் அவளுடைய அம்மாவும் படி ஏறினோம். அம்மா இன்னும் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் முதலில் பேசியது அவர்தான்.

"கரண்டு அடிக்குமா?" என்றார் செலின் அக்கா.

"இல்லக்கா. இதுல கரண்டே கிடையாது. வெளிச்சம்தான் போகும்."

"வெளிச்சமா? இத்தாலி வரைக்கும் இம்புட்டுக்கூண்டு கம்பியிலயா? நல்லாச் சொல்லு பிள்ள, வெளங்கலை."

மூன்று முறை சொன்னேன். ஏழு வீட்டிலும் சரி என்றார்கள்.

தேர்வன்று காற்று வெறி பிடித்து அடித்தது. மெல்லிய கம்பி மாடிக்கு மாடி ஊஞ்சல் ஆடியது. காக்காய் உட்காரலாம், காய்கிற வலை பறந்து வந்து சிக்கலாம். இதற்குப் பட்டியலில் வழி இல்லை என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது செலின் அக்கா மாடியேறிக் கம்பியின் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்த மாடியில் ஒருவர் ஏறினார். ஒன்றரை மணிக்கு ஏழு மாடியிலும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். ஜன்னலில் அவளுடைய அம்மா மட்டும் நின்றார்.

அதே பேராசிரியர். சிரிப்பு இல்லை. முதலிலேயே, போன முறை அறுந்துபோன அந்தக் கேள்வியைக் கேட்டார். நாடு ஒன்றான பிறகும் பெரும்பாலான இத்தாலியர்கள் வீட்டில் அந்த நாட்டின் மொழியைப் பேசவில்லை, ஏன் என்பது கேள்வி என்று பிறகு தெரிந்துகொண்டேன். இணைப்பு துல்லியமாக இருந்தது. அவள் வாயைத் திறந்து வைத்திருந்தாள். நான் கம்பி செருகிய இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்தேன்.

"நொன் ஓ கபீத்தோ" என்றாள்.

அது எனக்குத் தெரியும். நான்கு வருடமாக எங்கள் காதில் விழுந்த சொல். வெளங்கலை. கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதிப்பெண்ணை ஏற்கெனவே ஒருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே பேராசிரியரின் முகத்துக்கு நேராக, அவள் அதைச் சொன்னாள். பேராசிரியர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, வேறு விதமாகக் கேட்டார். அவள் வாய் மூடியது.

பிறகு பேசினாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. தன் அம்மா பேசும் தமிழைப் பற்றிச் சொன்னாளாம், பள்ளிக்கூடப் புத்தகத்துத் தமிழைப் பற்றி, கரைக்குக் கரை மீனுக்குப் பெயர் மாறுவதைப் பற்றி, அங்கிருந்து இத்தாலிய மீனவர் ஊர்களுக்குப் போனாளாம். பேராசிரியர் நடுவில் குறுக்கிட்டார். அவரும் ஒரு மீனவர் ஊர்க்காரர், தன் அம்மா பேசியதை எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன் என்றாராம். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தது மட்டும் தெரிந்தது.

மூன்று கேள்வியும் முடிந்து அவர் எண்ணைச் சொன்னார். நான் விரலைக் காட்டவில்லை. அவள் எழுந்து வெளியே வரும்வரை பேட்டரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இருவத்தெட்டும்மா" என்றாள்.

அம்மா தெருவுக்கு ஓடி மேலே பார்த்துக் கத்தினார். "செலினு! இருவத்தெட்டு!" செலின் அக்கா அடுத்த மாடிக்குக் கத்தினார். காற்றில் அந்த எண் மாடி மாடியாகப் போனது. நாலாவது மாடியில் "எத்தனைக்கு?" என்று கேட்டார்கள். "முப்பதுக்கு!" என்று இங்கிருந்து போனது. கடைசியில் பஞ்சர் கடை மாடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரை எட்டியது.

அங்கே கைதட்டல் கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று, கையை வாயில் குவித்து எதையோ திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி ஏழு மாடிகளையும் தாண்டி, குரல் மாறி மாறி, எங்கள் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. செலின் அக்கா குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பெரியவரு கேக்குறாரு. வாங்கிக்கிட்டாளா, இல்ல இதையும் வேணாம்னுட்டாளா?"

அம்மாவும் நானும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அதை நாங்கள் கேட்கவே இல்லை. அவள் வாசலில் கிடந்த மீன் பெட்டியின் மேல் ஏறி நின்று, பெரிய ரோடு வரைக்கும் கேட்கும்படி அவளே கத்தினாள்.

"வாங்கிக்கிட்டேன்!"